வரப்புக் கற்றாழை

புவெப்லா
9 நவம்பர் 1996

அன்புள்ள எரஸ்மோவுக்கு,

பஸ் வழியில் ஒருமுறை நின்றுபோனது தவிர ஒழுங்காக வந்து சேர்ந்தேன். இருமல் குறைந்திருக்கிறது. உன் முதுகு எப்படி இருக்கிறது? கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறையில் வைத்த சாமந்தி, பனியில் கருகுமுன் யாராவது எடுத்துவிட்டால் நல்லது.

ஊரில் இருந்தபோது கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க முடியவில்லை. கிளம்புகிற அன்று காலை பன்றித் தொழுவத்துக்குப் பின்னால் வரப்புவரை நடந்தேன். சின்ன வயதில் தொழுவத்துக்கும் ஆனைக்கற்றாழை வரிசைக்கும் நடுவே கோவேறு கழுதை பூட்டிய வண்டி போகும், திரும்பவும் செய்யும். இப்போது நான் பக்கவாட்டில் ஒதுங்கிப் போகவேண்டியிருந்தது. ஒரு மடலின் முள் பாவாடையைக் கிழித்துவிட்டது. வரிசை நம் வீட்டுப் பக்கமாக வந்திருக்கிறது. கற்றாழை நடக்குமா?

அடுத்த மே மாதம் அளவைக்காரர்கள் வருகிறார்கள். வரப்பு எது என்று கேட்டால் ஊரே அந்த வரிசையைத்தான் காட்டும். அன்றைக்கு அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோடு போடுவார்கள். பிறகு யாரும் மாற்ற முடியாது. நீ டெக்ஸாஸில் இருந்த காலத்தில் அப்பா என்னை வாரிசாக எழுதிவைத்துவிட்டார், அதனால் பத்திரம் என் பெயரில் வரும். ஆனால் அதில் உழுது சாப்பிடுகிறவன் நீ. குறைந்தால் உனக்குத்தான் குறையும்.

வரப்புக்கு அந்தப் பக்கம் திபூர்சியா அம்மாள் இருக்கிறாள். கணவர் நாபோர் இறந்த பிறகு தனியாக இருக்கிறாள், பாவம் என்று ஊரே சொல்கிறது. பாவமாக இருப்பவர்கள் கற்றாழைக் கன்று நட மாட்டார்கள் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீ கவனிக்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஒதிலியா

*

லாஸ் தூஸாஸ்
15 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. சாமந்தியை எடுத்துவிட்டேன். உன் இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் குடி. படித்தவர்களுக்கும் அது கேட்கும்.

கற்றாழை நடக்காது அக்கா. உன் இடுப்புதான் அகலமாகியிருக்கிறது.

இதெல்லாம் உனக்கே தெரியும், மறந்திருப்பாய். தாய்ச்செடி பதநீர் கொடுத்து முடித்ததும் காய்ந்துவிடும். அடிக்கட்டையைத் தோண்டி அடுப்புக்கு எடுத்துக்கொள்வோம். அந்தக் குழி அழுகலும் பூச்சியுமாக இருக்கும். அதிலேயே கன்றை வைத்தால் அதுவும் போகும். அதனால் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கவேண்டும். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. நூல் பிடித்து நட நான் கொத்தனாரா?

திபூர்சியா அம்மாவுக்குக் கடப்பாரையைத் தூக்கவே முடியாது. அவரைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாதே.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் வா என்று எழுதிவிட்டேன்.

தம்பி,
எரஸ்மோ

*

புவெப்லா
26 ஜனவரி 1997

எரஸ்மோவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

நம் ஊர்க் கசில்தா, மகளின் பிரசவத்துக்காக இங்கே வந்தவள், என் வீட்டில் இரண்டு நாள் தங்கினாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

"ஒதிலியா, உன் தம்பிக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வயசுக்கே வராத கத்தாழையைக் காயடிக்கிறான்டி! ஆறு வருசச் செடி. எங்க வீட்டுக்காரர் போய்க் கேட்டா, 'எனக்குத் தாகமா இருக்கு'ங்கறான். குருத்தை வெட்டி நாலு மாசம் ஆறப்போட வேண்டாமா? அன்னைக்கே பதநீருக்குச் சுரண்ட ஆரம்பிச்சுட்டான். வர்றது தண்ணி. அதைப் பன்னிக்கு ஊத்தறான். ஊரே சிரிக்குது."

"ஏன் செய்கிறான்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? மறுபடி வடக்கே டெக்ஸாஸுக்கு ஓடப்போறானோ என்னவோ. போறவன்தான் இப்படி இருக்கிறதையெல்லாம் கொன்னுட்டுப் போவான்."

நடு மடல்கள் மெலிந்து, முள் கறுத்துச் சிறுக்கும் வரை அப்பா கத்தியைத் தொடமாட்டார். ஒரு செடிக்காகப் பத்து வருஷம் காத்திருந்துவிட்டு, பூந்தண்டு கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் குருத்தை வெட்டிக் காயடிப்பார். உனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

கசில்தா இன்னொன்றும் சொன்னாள். நீ கை வைப்பது வரப்புக் கற்றாழைகளில் மட்டும்தானாம். வயலுக்கு நடுவில் நிற்பவை எதையும் தொடவில்லையாம். பிஞ்சுச் செடி காய்ந்ததும் அதை எடுத்துவிட்டு வீட்டுப் பக்கமாகக் கன்று வைக்கிறாயாம். எப்போதும் வீட்டுப் பக்கமாகத்தான். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்றுதானே எனக்கு எழுதினாய்?

காரணம் சொல்.

ஒதிலியா

*

லாஸ் தூஸாஸ்
20 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வருஷம் உறைபனி கடுமை. நானும் பன்றிகளும் நலம். கசில்தாவின் நாக்கும் நலம் என்று உன் கடிதத்தில் தெரிந்துகொண்டேன்.

காரணம் வண்டு. வரப்புச் செடிகளில் கற்றாழை வண்டு விழுந்திருக்கிறது. உள்ளே முட்டையிட்டு அடிவரை அரித்துவிடும். விட்டால் வயல் முழுக்கப் பரவும். அதனால்தான் பிஞ்சிலேயே வெட்டுகிறேன். ஊராரிடம் சொன்னால் என் பதநீரை யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் தாகம் என்றேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும், ஒரு பாட்டிலில் சில வண்டுகளைப் பிடித்துப் போட்டுக் கசில்தாவின் மருமகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். அளவைக்கு நீ வரவேண்டாம். பஸ்ஸில் அவ்வளவு தூரம், வெயிலில் நிற்கவேண்டும். உன் சார்பில் நான் நின்றுகொள்ள ஒரு அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பு, போதும். நிலம் எங்கே போய்விடும்?

தம்பி,
எரஸ்மோ

*

புவெப்லா
2 மார்ச் 1997

மரியாதைக்குரிய திபூர்சியா அம்மாளுக்கு,

தாங்கள் நலமென்று நம்புகிறேன். தங்கள் கணவர் மறைந்தபோது நேரில் வந்து துக்கம் கேட்க முடியாமல் போனதற்கு வருந்துகிறேன்.

எங்கள் நிலத்துக்கும் தங்கள் நிலத்துக்கும் இடையே நிற்கும் கற்றாழை வரிசை சில வருஷங்களாக எங்கள் வீட்டுப் பக்கம் நகர்ந்து வருகிறது. என் தம்பி இளகிய மனது உள்ளவன். அவனிடம் யார் என்ன சொன்னார்கள், பதிலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் வாரிசு நான். மே மாதம் அளவைக்கு நானே வருகிறேன். அதற்குள் வரிசை பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் ஊர்க்கூட்டத்தில் புகார் செய்வேன் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பது மரியாதை என்று நினைக்கிறேன்.

தங்கள்,
ஒதிலியா

*

புவெப்லா
3 மார்ச் 1997

எரஸ்மோவுக்கு,

பாட்டில் வந்தது. ஏழு வண்டுகளும் நலம். பீன்ஸ் மூட்டையில் இருக்கும் வண்டுகள். கற்றாழை வண்டு கறுப்பாக இருக்கும், மூக்கு யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும். சின்ன வயதில் ஒன்றைப் பிடித்து என் சட்டைக்குள் போட்டது நீதான். அதை நான் மறப்பேன் என்று எப்படி நினைத்தாய்?

அதிகாரக் கடிதம் தரமாட்டேன்.

திபூர்சியா அம்மாள் ஒவ்வொரு வியாழனும் உனக்கு மக்காச்சோளத் தமால் அவித்துக் கொண்டுவந்து தருகிறாளாம். இதுவும் கசில்தா சொன்னதுதான், அப்போது பொருட்படுத்தவில்லை. இப்போது யோசிக்கிறேன். நீ அவளுக்கு நிலத்தைத் தள்ளித் தருகிறாய். பதிலுக்கு உனக்குக் கிடைப்பது தமால் மட்டும்தானா? எதற்காக விற்றாய்? அப்பா நட்ட வரப்பை ஒவ்வொரு செடியாகக் கொன்று கொடுக்கிற அளவுக்கு உனக்கு என்ன நேர்ந்தது? கடனா, வியாதியா, ஏதாவது மிரட்டலா? எதுவானாலும் சொல். பொய்யை மட்டும் பாட்டிலில் போட்டு அனுப்பாதே.

அவளுக்கும் எழுதிவிட்டேன்.

ஒதிலியா

*

லாஸ் தூஸாஸ்
11 ஏப்ரல் 1997

ஒதிலியாவுக்கு,

கடவுள் உன்னைச் சுகமா வச்சிருக்கட்டும். எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கோ. பதில் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தேன், தூக்கம் வரலை.

நீ என்னைத் திருடின்னு எழுதலை. மரியாதையா எழுதியிருக்கே. அதுதான் அதிகமா குத்துச்சு.

வரிசை எங்கே இருந்துச்சுன்னு கேக்கறியா? உங்க பன்னித் தொழுவத்துக்கு ஒட்டின மாதிரி. நீ வண்டி திரும்பினதா நினைக்கிற இடம் எங்களோட இடம். உனக்கு நினைவு இருக்கறது நீ காலேஜ்லேந்து லீவுக்கு வந்தப்போ பார்த்ததா இருக்கும். அதுக்கு முன்னாடி அங்கே வண்டி திரும்பாது. உங்க அம்மா முள்ளு குத்துதுன்னு தினம் திட்டுவா.

நீ புவெப்லாவுக்குப் படிக்கப் போன வருசம் உங்கப்பா முதல் கன்னை எங்க பக்கம் வச்சார். அடுத்ததும் அப்படித்தான். அந்தச் செடிக்கு முன்னாடி உள்ள மண்ணுல வாற்கோதுமை போட்டார். நாபோர் போய்க் கேட்டார். நானும் கூட நின்னேன். உங்கப்பா தொப்பியைக் கையில வச்சுக்கிட்டுச் சொன்னார்: "நாபோர், பொண்ணு படிக்குது. அது படிச்சு முடிக்கட்டும். ஒவ்வொரு செடியா திருப்பி வச்சுடறேன்."

நாபோர் சரின்னுட்டார். வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். "விடுடி, நம்ம ஊர்லேந்து ஒரு பொண்ணு படிக்குது"ன்னார். அவருக்குப் பெருமை. மண்ணு எங்களோடது, பெருமை அவருக்கு.

நீ படிச்சு முடிச்சே. வேலைக்கும் போனே. அவர் திருப்பலை. நாபோரும் வாயைத் திறக்கலை. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை சேர்ந்து கள் குடிச்சாங்க, இதைப் பேசாமலே செத்தும் போனாங்க. ஆம்பளைங்க.

உங்கப்பா போனதுக்கு அடுத்த மழைக்கு உன் தம்பி ஒரு கன்னை உங்க பக்கம் தள்ளி வச்சான். நான் ஒண்ணும் கேக்கலை, அவனும் ஒண்ணும் சொல்லலை. பழுத்துக் கொடுத்து முடிச்ச செடியா பார்த்து, ஒண்ணொண்ணா. அவசரமில்லாம செஞ்சான். இப்போ அளக்க வராங்கன்னதும் அவனுக்குப் பயம் வந்துடுச்சு. அதான் பிஞ்சைக் கொல்றான். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அதுக்குத்தான் தமால்.

என்கிட்ட எழுதினதை அவன்கிட்ட சொல்லாதே. நான் சொன்னேன்னு தெரிஞ்சா உன் முகத்தைப் பார்க்கமாட்டான். நீ இதைத் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பாடு படறான்.

திபூர்சியா

*

லாஸ் தூஸாஸ்
8 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

ரெண்டு மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இருமல் அதிகமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

திபூர்சியா அம்மாவுக்கு நீ என்ன எழுதினாய் என்று தெரியவில்லை. கேட்டேன். "உங்கக்கா கையெழுத்து அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவரைத் தொந்தரவு செய்யாதே. என்னை என்ன வேண்டுமானாலும் கேள்.

வண்டு விஷயத்தில் பொய் சொன்னேன். ஆனால் நான் எதையும் விற்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. இதற்கு மேல் என்னைக் கேட்காதே. அதிகாரக் கடிதத்தை மட்டும் அனுப்பு அக்கா. இருபதாம் தேதி வருகிறார்கள். பாதைப் பக்கம் பாதி வரிசை முடிந்துவிட்டது. ஓடைப் பக்கம் எட்டுச் செடி பாக்கி. அதற்குள் முடியாது.

எது முடியாது என்று கேட்பாய். கேட்காதே.

எரஸ்மோ

*

லாஸ் தூஸாஸ்
6 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? எழுதாமல் வந்து இறங்கினாய், சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அளவை விருந்தில் உன் கறி அப்படியே இருந்தது. கசில்தா வீட்டுக்காரர் உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அன்றைக்கு நடந்தது எனக்கு இன்னும் புரியவில்லை. கம்பும் நாடாவுமாக நின்ற அந்தப் பையன் அளவைக்காரன், "அம்மா, வரிசை நடுவில வளையுதே. எதை வரப்புன்னு எழுதட்டும்?" என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நீ அதற்குள், "பாதைப் பக்கம் நிக்கிற வரிசையை நேரா ஓடைவரைக்கும் இழுங்க. அதைத் தாண்டி நிக்கிற எட்டுச் செடியும் திபூர்சியா அம்மாவோடது" என்றாய். உரத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"படிச்சவங்க சொந்த நிலத்தையே தானம் பண்றாங்கப்பா" என்று கசில்தா வீட்டுக்காரர் சிரித்தார். நீ திரும்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டுக்குத்தான் வாயைத் திறந்தார்.

கையெழுத்துப் போடத் திபூர்சியா அம்மா குனிந்தார். நீ காகிதத்தைப் பிடித்துக்கொண்டாய்.

நீ போன பிறகு அவர் வரப்புக்கு வந்து சொன்னார்: "இந்த எட்டையும் இனிமே தொடாதே. பழுக்கட்டும். பழுத்ததும் நீதான் வந்து சுரண்டணும், எனக்கு முடியாது. பாதி உனக்கு, பாதி எனக்கு. என்ன முழிக்கறே? கத்தியைக் கீழே வை."

அக்கா, உனக்கு யார் சொன்னது?

எரஸ்மோ

*

புவெப்லா
13 ஜூலை 1997

அன்புள்ள எரஸ்மோவுக்கு,

நலமாக இருக்கிறேன். அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தது கோபத்தால் அல்ல. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

யாரும் சொல்லவில்லை. மண்ணைப் பார்த்தேன். கட்டையைத் தோண்டி எடுத்த இடத்தில் மண் கறுத்து, பொலபொலவென்று இருக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் சுற்றியுள்ள மண்ணோடு சேராது. தொழுவத்தை ஒட்டி அப்படி ஒரு வரிசை இருந்தது. நான் இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மண்ணைப் பற்றித்தான். நீ என்னிடம் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் வேறு எங்காவது மறைத்திருக்க வேண்டும்.

ஆகவே நடந்தது தெரியும். ஏன் என்று கேட்கமாட்டேன். அப்பாவைப் பற்றி இனிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் மண்ணில் தெரியவில்லை. அவர் முதல் கன்றை அந்தப் பக்கம் வைத்தது எந்த வருஷம்? உனக்கு நினைவிருக்கும். கூட நின்றிருப்பாய். வருஷத்தை மட்டும் எழுது.

உன் அக்கா,
ஒதிலியா

*

லாஸ் தூஸாஸ்
24 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதியதைப் பார்த்து நிம்மதி. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. பிடுங்கி மூன்று வாரம் வெயிலில் காயப்போட்ட கன்றுகளை மழைக்கு முன்னாலேயே நட்டுவிட்டேன். எல்லாம் வேர் பிடித்துவிட்டன. ஈரத்தோடு நட்டால் அழுகும் என்று கசில்தாவின் மருமகனுக்குச் சொன்னேன், கேட்கவில்லை. அவனுடையவை அத்தனையும் போய்விட்டன.

நீ கேட்டது. எழுபத்து மூன்று. நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நீ வேலையில் சேர்ந்து முதல் முதலாக எனக்கு ரேடியோ வாங்கி அனுப்பினாயே, அதை வரப்பில் வைத்துக் கேட்டுக்கொண்டுதான் நானும் அப்பாவும் அந்தக் குழியைத் தோண்டினோம். குத்துச்சண்டை ஒலிபரப்பு. அப்பா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கேட்டார். அதனால் எழுபத்து மூன்றுதான், சந்தேகமே இல்லை. நீ அப்போது படித்து முடித்துவிட்டிருந்தாய். எதற்குச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. கன்றுக்குட்டி ஏதோ வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதற்காக இருக்கலாம். மனிதனுக்கு ஆசைதானே.

உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ அப்படி நினைக்கவில்லை என்று தெரியும். சும்மா எழுதினேன்.

முதுகு தேவலை.

தம்பி,
எரஸ்மோ

*

புவெப்லா
7 செப்டம்பர் 1997

அன்புள்ள எரஸ்மோவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் எலுமிச்சையும் தேனும் கேட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். மழை பெய்தது பற்றியும், கன்றுகள் பிடித்தது பற்றியும் சந்தோஷம்.

திபூர்சியா அம்மாளுக்கு ஒரு சால்வை அனுப்புகிறேன். என்னிடமிருந்து என்று சொல். வேறு எதுவும் சொல்லவேண்டாம், அவர் கேட்கமாட்டார். நவம்பரில் வந்து ஒரு வாரம் இருப்பேன். கல்லறைக்கு இந்த முறை சாமந்தியை இரண்டு கட்டாக வாங்கிவை. நாபோருக்கும் வைக்கவேண்டும்.

எழுபத்து மூன்று என்று எழுதியிருக்கிறாய். ரேடியோ நான் வாங்கி அனுப்பியதுதான். குத்துச்சண்டையும் இருந்திருக்கும். நான் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். இதைச் சரிபார்க்கவில்லை. இனி யார் கேட்டாலும் எழுபத்து மூன்று என்றுதான் சொல்வேன்.

உன் அக்கா,
ஒதிலியா